கூடம் கோணலாகத்தான் இருந்தது

சூடேறும் தூசிக்கு ஒரு வாசனை உண்டு. கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற, கண்ணாடி வால்வு வைத்த பழைய ஆம்ப்பை நெடுநாள் கழித்துப் போட்டால் முதலில் வருவது சத்தம் இல்லை, அந்த வாசனைதான். திருவான்மியூரில் என் வீட்டு முன்னறை முழுக்க இப்போது அதுதான். அடுப்படியிலிருந்து என் மனைவி, "இன்னாங்க தீயுது?" என்று கேட்டாள். ஒன்றும் தீயவில்லை, என் பழைய பெட்டிதான் என்றேன். இத்தனை வருஷம் பரணில் கிடந்த பெட்டி, நிதானமாகச் சூடேறட்டும். அதற்குள் உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். நல்ல மனசுக்காரன், நண்பனுக்கு ஒன்று என்றால் உயிரையே கொடுப்பான் என்றெல்லாம் சொன்னேன். உன் சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். விட்ட கண்ணீரைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்தால் இப்போது கேட்பேன்டா.

அதற்குப் பிறகு உன் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. போன வாரம் உன் மகள் ரேவதி போன் செய்தாள். ராகத்தின் பெயரை வைத்துவிட்டு, பெண் பிள்ளைக்கு எதற்கு கிட்டார் என்று நீ சொல்லித்தராமல் விட்டாயே, அவள்தான். தானாகவே கற்றுக்கொண்டு இப்போது பாலவாக்கத்தில் ஒரு காபிக் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்கிறாளாம். "மாமா, அப்பாவோட ஆம்ப்ல வால்வு செவப்பா எரியுது மாமா. சத்தமும் கொழகொழன்னு வருது. நீங்க கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" என்றாள். ஆட்டோ பிடித்து மந்தைவெளிக்குப் போனேன். மடியில் என் ஆம்ப்பையும் வைத்துக்கொண்டு போனேன். உன்னுடையதில் எந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள, அதன் கூடப் பிறந்தது அருகில் இருக்கட்டும் என்றுதான்.

அவை கூடப் பிறந்தவைதான் என்பது உனக்கு நினைவிருக்கும். அண்ணா சாலையில் ஒரு பெரிய ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த பேண்ட் குழு கலைந்தபோது மூலையில் கிடந்த இரண்டையும் நாம்தான் சேர்ந்து வாங்கினோம். ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறத் துணி, ஒரே சத்தம். உன் அறையில் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்துவிட்டு, எது யாருடையது என்றே தெரியவில்லை என்று சிரித்தோம். நீதான் உன் கையிலிருந்த சிவப்புக் கயிற்றை அவிழ்த்து ஒன்றின் கைப்பிடியில் கட்டினாய். "இது என்னுது, அது உன்னுது. தகராறு வாணாம்," என்றாய். அன்றைக்கு என் சத்தத்துக்கும் உன் சத்தத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அதை நீயும் கேட்டாய். எனக்கு இப்போதுதான் புரிகிறது, நீ அதை நன்றாகவே கேட்டிருக்கிறாய்.

நம் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்க நாம் இரண்டு பேர். குழுவை நடத்திய மாஸ்டர் முதலில் நம் இருவருக்கும் சரிபாதியாகத்தான் பிரித்துக் கொடுத்தார். பாட்டுக்கு முன்னால் வரும் தனி வாசிப்பு ஒரு பாட்டில் உனக்கு, அடுத்த பாட்டில் எனக்கு. பிறகு ஆயுத பூஜை வந்தது. சால்டரிங் பிடித்து ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்பதால், வாத்தியம் எல்லாவற்றையும் உன் வீட்டில் வைத்துத் துடைத்து, திறந்து, சரிபார்த்துப் படைக்க வேண்டும் என்று நீயே வழக்கம் ஆக்கினாய். என் ஆம்ப்பை நானே தூக்கிக்கொண்டு வந்து உன் கையில் கொடுத்தேன். மறுநாள் அது பளபளவென்று திரும்பி வந்தது. பின்பலகையின் நாலு திருகாணி மேலும் சந்தனம் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம். "பூஜ போட்டாச்சு மச்சி. அடுத்த பூஜ வரிக்கும் யாரும் தொறக்கக் கூடாது. தொறந்தா தெய்வ குத்தம்," என்றாய். நான் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த முட்டாளை நினைத்தால் எனக்கே ஓங்கி அறைய வேண்டும்போல இருக்கிறது.

அந்தப் பூஜைக்குப் பிறகுதான் என் சத்தம் செத்தது. பலமாக வாசித்தால் ஓரளவு சமாளிக்கும். மெதுவாக ஒரு நோட்டைப் பிடித்து நிறுத்தினால், அது தேய்ந்து மறைய வேண்டிய இடத்தில் கரகரத்து உடையும். மெலடிப் பாட்டுக்கு நோட்டு தேயும் அந்த வால்தானே எல்லாம். முதலில் கம்பியை மாற்றினேன். வயரை மாற்றினேன். அப்புறம் உன்னிடம் வந்து, ஆம்பில் ஏதோ கோளாறு என்றேன். நீ அதில் உன் கிட்டாரைச் சொருகி, கையை ஓங்கி நாலு தட்டுத் தட்டினாய். பெட்டி அதிர்ந்தது. "ஆம்ப் இன்னா பண்ணும் மச்சி? கையில சூடு கீதா பாரு," என்றாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தபேலாக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். அதோடு விட்டாயா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சேர்த்துக்கொண்டாய். அன்றிலிருந்து குழுவில் என் பெயரே கூடம் என்றாகிவிட்டது. மேடை ஏறும்போது, "கூடம் வந்தாச்சா?" என்பார்கள். பெயரை வைத்தவன் நீ, தோளில் கையைப் போட்டு, "வுடு மச்சி, சும்மா தமாசு," என்று சமாதானம் சொன்னவனும் நீ. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினாய்.

ஒவ்வொரு பூஜைக்கும் நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்பதுதான் கொடுமை. இந்த வருஷமாவது கொஞ்சம் நன்றாகப் பார்த்துக் கொடுடா என்று கெஞ்சுவேன். "உனக்கில்லாததா," என்பாய். சந்தனம் மட்டும் புதிதாக இருக்கும்.

தி. நகரில் அந்தக் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பார். வரவேற்பு, கூட்டம் நிறைந்திருந்தது. மாஸ்டர் என்னமோ மனமிரங்கி ஒரு மெதுவான பாட்டின் தொடக்கத்தை எனக்குக் கொடுத்தார். நான் அதை வீட்டில் எப்படியெல்லாம் பழகினேன் என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்லியிருப்பாள். ஆம்ப் இல்லாமல் வெறும் கம்பியில் அது அழகாக இருந்தது. மேடையில் முதல் நோட்டைப் பிடித்தேன். நின்றது, தேய்ந்தது, உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. பாடகி திரும்பி என்னைப் பார்த்தாள். மாஸ்டர் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்துத் தலையசைத்தார். நீ அதே இடத்திலிருந்து எடுத்து, அந்தத் தொடக்கத்தை முழுசாக வாசித்தாய். சிவப்புக் கயிறு கட்டிய பெட்டியிலிருந்து தேன் மாதிரி வந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் இலைக்குப் பாயசம் கேட்டு வாங்கிப் போட்டவனும் நீதான்.

அதோடு நான் விட்டேன். கிட்டாரை அத்தை மகனுக்குக் கொடுத்தேன். தேனாம்பேட்டையில் யு.பி.எஸ். பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, அங்கேதான் மின்சாரம் எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று கற்றுக்கொண்டேன். வயிறு நிறைந்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் படித்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். ரேடியோவில் கிட்டார் வந்தால் மட்டும் எழுந்து போய் அணைத்துவிடுவேன். எனக்குக் கையில் சூடு இல்லை என்று நான் நம்பினேன்டா. நீ சொன்னாய், நம்பினேன்.

சரி, உன் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். எதிர்ச் சுவரில் மாலை போட்ட படத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உன் ஆம்ப்பைத் திறந்ததும் முதல் வேலையாகப் பெரிய கண்டன்சரில் தேங்கியிருந்த கரண்ட்டை இறக்கினேன். ஆள் செத்தாலும் உன் பெட்டி கடிக்கும் என்று எனக்குத் தெரியும். பழுது சுலபமாகவே அகப்பட்டது. வால்வுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கண்டன்சர் ஒன்று வயசாகிக் கசிந்து, வால்வுக்குள் வேண்டாத கரண்ட்டை ஓடவிட்டிருந்தது. ரேவதிக்கு அதை விளக்கிச் சொன்னேன். வால்வு சும்மா இருக்கும்போதே அதற்குள் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று ஒரு அளவு உண்டு, அதற்குப் பெயர் பயாஸ், அடுப்பைச் சிம்மில் வைப்பது மாதிரி என்றேன். தீ கூடினால் வால்வின் தகடு சிவந்து வெந்துபோகும். தீ குறைந்தால் வால்வு ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் சத்தம் மெலிந்துவிடும், மெதுவான நோட்டின் வால் உடையும். சொல்லிக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். "அப்புறம் மாமா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

இந்தச் சின்ன ஆம்பில் அந்தத் தீயைப் பிடித்து வைத்திருப்பது, கரண்ட்டைத் தடுத்து அளவாக விடும் ஒரே ஒரு ரெசிஸ்டர். உன்னுடையதில் அது கம்பெனியில் வைத்தபடியே இருந்தது, பழுப்பேறி, மேலே தூசி படிந்து. என்னுடையதை மேசை மேல் திருப்பி வைத்தேன். நாலு திருகாணியிலும் நீ கடைசியாக வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. திருப்புளியை வைத்ததும் பொடியாக உதிர்ந்தது. தெய்வ குற்றம் பார்க்கலாம் என்று திறந்தேன். உள்ளே எல்லாம் பழுப்பு, ஒன்று மட்டும் பச்சை. ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும் பச்சை ரெசிஸ்டர். பழையதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த கால்களில் புதியதின் காலைக் கொக்கிபோல் வளைத்து மாட்டி, ஈயத்தை உருண்டையாக வைத்திருந்தது. அப்படிக் கொக்கி போடுகிறவன் நம் குழுவில் ஒருவன்தான். மீட்டரை வைத்தேன். இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு தடை, தீ அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. அடுப்பை அணைக்கவில்லை நீ. அணைத்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். அணைகிற பதத்தில் வைத்து, என்னை வருஷக்கணக்கில் அதன் மேல் சமைக்க விட்டாய்.

உன் மனைவி காபி கொண்டு வந்து வைத்தாள். "இன்னா அண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றாள்.

"வெயில் தங்கச்சி," என்றேன்.

"அவரு உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாரு. கடசில ஆஸ்பத்திரில கூட சொன்னாரு. அவன் மட்டும் வுட்டுட்டுப் போவாம இருந்தா நான் எங்க இருந்திருப்பேன்னு சொல்லிச் சிரிப்பாரு." அவளுக்கு அது ஒரு பிரியமான பேச்சு. எனக்கு அந்த நொடியில் அது தெளிவான தமிழில் புரிந்தது. காபியைக் குடித்தேன். உன் படத்தைப் பார்த்தேன். அதைச் சுவரிலிருந்து எடுத்து முகத்தில் ஒரு குத்து விட வேண்டும் என்று கை துடித்தது. செத்தவனை ஒன்றும் செய்ய முடியாது என்பதைப்போல ஒரு எரிச்சல் உலகத்தில் இல்லை.

ஆனால் செத்தவனுக்கு மகள் இருக்கிறாள். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? உன் ஆம்பில் கசிந்த கண்டன்சரை மாற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. என் பெட்டியிலிருந்து உன் பச்சை ரெசிஸ்டரை எடுத்தேன். உன் பெட்டியிலிருந்து நல்லதை எடுத்து என்னுடையதில் வைத்தேன். பச்சையை உன்னுடையதில், உன் மாதிரியே கொக்கி போட்டு, ஈயத்தை உருட்டி வைத்தேன். பலகையை மூடினேன். "தங்கச்சி, கொஞ்சம் சந்தனம் இருக்கா?" என்று கேட்டேன். உன் மனைவிக்கு ஒரே நெகிழ்ச்சி. அவளே குழைத்துக்கொண்டு வந்தாள். நாலு திருகாணியிலும் வைத்தேன், மேலே குங்குமமும். "அப்பா வைக்கிற மாதிரியே வைக்கிறீங்க மாமா," என்றாள் ரேவதி. அவள் முகத்தைப் பார்த்து நான் சிரித்தேன். உன் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்கு உள்ளிருந்தே தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பாலவாக்கம் போனேன். அவள் கூப்பிட்டாள் என்பதற்காக இல்லை. அந்த நோட்டு உடைவதை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று போனேன். கடற்காற்று அடிக்கிற முற்றத்தில் இருபது முப்பது பேர், பேசிக்கொண்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டும். முதல் பாட்டே மெதுவான பாட்டு. எனக்கு எச்சில் ஊறியது என்று சொன்னால் நீ நம்புவாய்.

அவள் ஒரு நோட்டைப் பிடித்தாள். அது நின்றது, தேய்ந்தது. உடையும் என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். உடைவதற்கு ஒரு மயிரிழை முன்னால் அவள் அடுத்த நோட்டுக்குப் போய்விட்டாள். அது உடைவதற்குள் அதற்கடுத்தது. ஒன்றை முழுசாக விடாமல், ஒன்றின் வாலில் மற்றொன்றின் தலையை வைத்துக்கொண்டே போனாள். இடையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே உடையவிட்டாள். அந்தக் கரகரப்பு, தொண்டை அடைத்துக்கொண்டவர் பேச்சை நிறுத்துவதுபோல விழுந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மேசைப் பெண் ஸ்பூனைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். அதே பச்சை ரெசிஸ்டர்தான்டா. அதே குளிர்ந்த வால்வு. நான் எத்தனையோ வருஷம் முட்டிக்கொண்டு அழுத அதே சுவர்.

முடிந்ததும் ஓடி வந்தாள். "மாமா, சூப்பர் மாமா!" என்றாள்.

"சத்தம் மெலிசா இல்ல?" என்றேன்.

"மெலிசுதான். மெதுவா வாசிச்சா நோட்டு ஒடையுது. அதனால ஒடையறதுக்கு முன்னாடியே நகந்துட்டேன். ரெண்டு நாள் வாசிச்சுப் பாத்ததும் புடிபட்டுடுச்சு."

ரெண்டு நாள்.

"ஒரு சின்னப் பார்ட்டு மாத்தினா சரியாயிடும், குடு," என்றேன். மனசு மாறிச் சொன்னேனா, அவள் வாசித்ததைத் தாங்காமல் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் ஆம்ப்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "வேணாம் மாமா. முன்ன இருந்தது அப்பா சத்தம். இது என் சத்தம் மாதிரி இருக்கு." அப்புறம் உள்ளே போய் உன் பழைய கிட்டாரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். "அப்பாவோடது. நான் புதுசுதான் வாசிக்கிறேன். நீங்க திரும்ப வாசிக்கணும் மாமா." உன் மகள் நல்ல பெண். உன் சாயல் துளியும் இல்லை.

இப்போது என் ஆம்ப் சூடாகிவிட்டது. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், அளவு அச்சாக இருக்கிறது, தகடு சிவக்கவில்லை. உன் கிட்டார், உன் பெட்டியிலிருந்து வந்த ரெசிஸ்டர், ஓட்டலிலிருந்து வந்த அன்று இருந்த சத்தம். இனி சொல்வதற்குச் சாக்கு எதுவும் என்னிடம் மிச்சமில்லை. தி. நகரில் நீ என் கையிலிருந்து பிடுங்கிய அந்தத் தொடக்கத்தை வாசிக்கப் போகிறேன். வந்து எழுதுகிறேன்.

வாசித்தேன்.

சத்தம் உருண்டையாக, முழுசாக வந்தது. முதல் நோட்டு நின்றது, தேய்ந்தது, கடைசிவரை உடையாமல் மறைந்தது. ஒரு விரல்கூடத் தப்பவில்லை. பாலவாக்கத்தில் அந்தப் பெண்ணை ஸ்பூனைக் கீழே வைக்கச் செய்தது மட்டும் அதில் இல்லை. அப்புறம் இன்னொரு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை வாசிக்கும்போது என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். முடியும்வரை கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு, குழம்பைச் சூடு பண்ணட்டுமா என்று கேட்டாள்.

கூடம் கோணலாகத்தான் இருந்தது. கோணலாக்கியவன் நீதான். ஆனால் எனக்கு ஆடவும் தெரியவில்லை. ரெண்டும் உண்மை என்பதை இந்த வயசில் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீ மெனக்கெட்டது வீண்டா. அந்தப் பச்சை ரெசிஸ்டரை வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போனாயே, அந்த அலைச்சல் வீண். சும்மா இருந்திருந்தாலே நீ ஜெயித்திருப்பாய்.

உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை, வராது. உன் திவசத்துக்கும் வர மாட்டேன். ஆனால் கிட்டாரை உறையில் போட்டு மூடும்போது ஒன்று தோன்றியது, அதைத்தான் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாஸ்டர் என்னை நம்பவில்லை. பாடகி நம்பவில்லை. என் அம்மா பாசத்தில் சொன்னாள். நானே என்னை நம்பியதில்லை. பயந்து, பூஜைக்குப் பூஜை என் பெட்டியைத் திறந்து அந்தப் பச்சையைச் சரிபார்த்துச் சந்தனம் வைத்து மூடிய நீ ஒருவன்தான், என் கையில் சூடு இருக்கிறது என்று கடைசிவரை நம்பினாய்.